அப்பா வெளியூர் போயிருக்கிறார்

அன்புள்ள அக்காவுக்கு,

ஐந்து வருடமாக உங்கள் கட்டுரைகளை வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. என் அண்ணனுக்கு 34 வயது, டவுன் சிண்ட்ரோம். நாங்கள் இரண்டு பேர்தான். எட்டு மாதத்துக்கு முன்னால் அப்பா மாரடைப்பில் இறந்துவிட்டார். அம்மாவுக்குச் சர்க்கரையும் முட்டிவலியும். இனி அண்ணன் என் பொறுப்பு. சட்டப்படி கார்டியன் ஆக என்ன செய்ய வேண்டும்? எனக்கு வரன் பார்க்கிறார்கள். அண்ணனைப் பற்றிச் சொன்னதும் இரண்டு இடம் தட்டிப்போனது. இல்லத்தில் சேர்த்தால் பாவமா என்று அம்மா அழுகிறாள். தேடிப் பார்த்தால் குடும்பங்களின் மன அழுத்தம் பற்றி வெளிநாட்டு ஆய்வுகள்தான் கிடைக்கின்றன. நம் நாட்டில் யாரும் இதை ஆராய்வதே இல்லையா?

அண்ணன் ஒரு தெய்வக் குழந்தை, அக்கா. அவனுக்கு ஒன்றும் தெரியாது. அப்பா வெளியூர் போயிருக்கிறார் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். ஆனால் சில மாதமாக ரொம்பப் பிடிவாதம். தட்டைத் தள்ளிவிடுகிறான், ராத்திரி தூங்குவதில்லை. அப்பாவின் டிவிஎஸ் ஃபிஃப்டியைப் போன மாதம் விற்றோம். அது நின்ற இடத்திலேயே போய் உட்கார்ந்துகொள்கிறான். ஏதாவது மாத்திரை உண்டா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும்.

சு., திருச்சி

*

அன்புள்ள சு.,

உங்கள் கடிதத்தில் ஐந்தாறு கேள்விகள் இருக்கின்றன. ஆனால் என்னை இரண்டு நாளாகப் படுத்துவது நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் எழுதிவிட்ட ஒரு வரி. அதற்கு வருகிறேன். முதலில் கேட்டதற்குச் சொல்லிவிடுகிறேன்.

கார்டியன் விஷயம் நீங்கள் பயப்படுகிற அளவுக்குக் கஷ்டமில்லை. 1999-இல் வந்த நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு (டவுன் சிண்ட்ரோம் இதில்தான் வரும்), பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 18 வயதுக்குப் பிறகு சட்டபூர்வப் பாதுகாவலரை நியமிக்கலாம். கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழு அதை முடிவு செய்யும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். நியமனமான ஆறு மாதத்துக்குள் அவருடைய சொத்து விவரத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், பாதுகாவலர் அவரோடு சேர்ந்து முடிவெடுக்க வேண்டும் என்கிறது. அந்த 'சேர்ந்து' என்ற சொல்லை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வரன் பற்றி: அண்ணன் இருப்பதால் போகிற இடம் போகட்டும். இல்லம் பற்றி: பாவமெல்லாம் இல்லை. ஆனால் அங்கே போய் இருக்கப்போகிறவரைக் கேட்டீர்களா?

நம் நாட்டில் ஆய்வே இல்லையா என்கிறீர்கள். இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. மனநல மையத்தில் பிள்ளையோடு பெற்றோரும் தங்கிப் பழகிக்கொள்கிற முறை ரொம்ப காலமாக இருக்கிறது. அங்கிருந்து 1999-இல் வந்த ஒரு ஆய்வில், 57 பெற்றோரை இரண்டு குழுவாகப் பிரித்து, பத்து வாரம் கூடிப் பேசவைத்து, பிள்ளையைப் பற்றிய அவர்களின் மனப்பான்மை மாறுகிறதா என்று பார்த்தார்கள். நல்ல வேலை. ஆனால் இங்கேயும் சரி, வெளியிலும் சரி, குடும்பத்தை ஆராய்கிறவர்கள் வினாத்தாளைத் தூக்கிக்கொண்டு நேராக அம்மாவிடம் போகிறார்கள். எவ்வளவு கஷ்டம், எவ்வளவு செலவு, தூக்கம் வருகிறதா. பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் அந்த மகனிடம் கேட்கிறவர்கள் ரொம்பக் குறைவு. அவர் தூங்கினாரா? அவருக்கு யாரைத் தேடுகிறது?

சரி, அந்த வரிக்கு வருகிறேன். "அப்பா வெளியூர் போயிருக்கிறார் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம்."

என் சின்ன மாமாவைப் பற்றி இதுவரை எங்கும் எழுதியதில்லை. அம்மாவின் கடைசித் தம்பி. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அவருக்கு என்ன குறைபாடு என்று எந்த டாக்டரும் பெயர் சொன்னதில்லை. ஊரில் வெள்ளந்தி என்பார்கள், கோபம் வந்தால் வேறு பெயரும் சொல்வார்கள். மொத்தம் முப்பது சொல் பேசுவார். ஆச்சிக்குப் பல் கிடையாது. மூன்று வேளையும் சின்ன உரலில் வெற்றிலை பாக்கு இடித்துக் கொடுப்பது மாமாவின் வேலை. சுண்ணாம்பு எவ்வளவு என்று அவருக்குத்தான் தெரியும். வேறு யார் இடித்தாலும் ஆச்சி துப்பிவிடுவாள்.

1981 தை மாதம் ஒரு விடியற்காலையில் ஆச்சி இறந்தாள். பெரிய மாமா என்னைக் கூப்பிட்டு, "இவனைக் கூட்டிக்கிட்டு சாத்தூர் சித்தி வீட்டுக்குப் போயிரு. இங்க இருந்தா ரகளை பண்ணுவான்" என்றார். எனக்குப் பதினைந்து வயது. பஸ்ஸில் மாமா "அம்மா?" என்று கேட்டார். "ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா" என்றேன். சொன்னது நான்தான், வேறு யாருமில்லை. நான் சொன்னதால் நம்பினார்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த பிறகுதான் திரும்பினோம். பெரிய மாமா மொட்டைத் தலையோடு நின்றார். சின்ன மாமா அந்தத் தலையைத் தடவித் தடவிப் பார்த்தார். திருச்செந்தூரில் முடியிறக்கினேன் என்று சொல்லிவிட்டார்கள். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஊரில் எந்தச் சாவு என்றாலும் கொட்டுச் சத்தம் கேட்டதும் முதல் ஆளாகப் போய் நிற்பவர் சின்ன மாமா. தாய் தகப்பன் செத்தால் பிள்ளைகள் மொட்டை போடுவார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பதுதான் எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அன்றிலிருந்து தினமும் மூன்று வேளையும் வெற்றிலை இடித்து ஆச்சியின் கிண்ணத்தில் வைத்தார். அது காய்ந்து கிடக்கும். பெரியம்மா கொட்டிவிடுவாள். மறுபடி இடிப்பார். பார்க்கச் சகிக்கவில்லை என்று உரலை எடுத்துப் பரணில் போட்டார்கள். அப்புறம் சுவரில் தலையை முட்ட ஆரம்பித்தார். படுக்கையை நனைத்தார். டவுனில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். வீட்டில் சாவு நடந்ததை டாக்டர் கேட்கவில்லை, எங்கள் ஆட்களும் சொல்லவில்லை. மாத்திரை கொடுத்தார். மாமா பகலெல்லாம் வாயில் எச்சில் ஒழுகத் திண்ணையில் கிடந்தார். அடங்கிவிட்டான் என்று நிம்மதிப்பட்டார்கள்.

பிற்பாடு படித்தபோதுதான் இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததில்லை என்று தெரிந்தது. இங்கிலாந்தில் மொரீன் ஆஸ்வின் என்ற ஆய்வாளர் 1991-இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். 'நான் அழலாமா?' என்பதுதான் தலைப்பு. அங்கேயே ஷீலா ஹாலின்ஸ் என்ற மனநல மருத்துவர். அவருடைய மகனும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்தான். ஆக, இரண்டு பக்கமும் தெரிந்தவர். 1997-இல் எஸ்தர்ஹைசன் என்பவரோடு சேர்ந்து, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களில் தாயையோ தகப்பனையோ இழந்த 50 பேரை, அப்படி இழக்காத வேறு 50 பேரோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இழந்தவர்களிடம் பதற்றமும் சோர்வும் நடத்தை மாற்றமும் தெளிவாக அதிகமாக இருந்தன. கூட இருந்து கவனிக்கிறவர்களோ அந்த மாற்றங்களைச் சாவோடு சேர்த்துப் பார்க்கவே இல்லை.

இனிமேல் இது பெரிய விஷயம். அமெரிக்காவில் 1983-இல் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் 25. இன்றைக்கு 60-ஐ ஒட்டி வந்துவிட்டது. முன்பு பெற்றவர்கள் இவர்களைப் புதைத்தார்கள். இப்போது இவர்கள் பெற்றவர்களுக்குப் பிறகும் இருக்கிறார்கள். எனக்குப் பிறகு யார் என்று எல்லாப் பெற்றோரும் கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான். அப்பாவுக்குப் பிறகு இவர் என்ன ஆவார் என்பதையும் நாம் யோசிக்க வேண்டாமா?

சு., இனி உன்னை நீ என்றே எழுதுகிறேன். கோபத்தில் மரியாதை நிற்கவில்லை. தெய்வக் குழந்தை என்று எழுதியிருக்கிறாய். முப்பத்திநான்கு வயது ஆண்பிள்ளை அவர். அண்ணனை அவன் என்று சொல்கிற உரிமை உனக்கு உண்டு, அதில் பாசம்தான் இருக்கிறது. குழந்தை என்பது வேறு. ஒன்றும் தெரியாது என்று முடிவு கட்டிவிட்டால் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, ஒன்றும் கேட்க வேண்டியதில்லை. நமக்கு அழுகிற வேலை மிச்சம். தகப்பன் சொல்லாமல் கொள்ளாமல் எட்டு மாதம் வெளியூர் போய்விட்டார், திரும்பவில்லை, போனில்கூடப் பேசவில்லை, வண்டியையும் யாரோ கொண்டுபோய்விட்டார்கள். உன்னிடம் இப்படிச் சொல்லியிருந்தால் நீ தட்டைத் தள்ளாமல் இருந்திருப்பாயா? தன்னை விட்டுவிட்டுப் போய்விட்டார் என்றுதானே நினைத்துக்கொண்டு அங்கே போய் உட்காருகிறார்? ஊரைக் கூட்டிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொள், வேலையில் சேர்த்துக்கொள் என்று கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். சொந்தத் தகப்பன் சாவில் அவரை நாம் சேர்த்துக்கொள்ளவில்லையே, அம்மா!

டாக்டரிடம் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டு கோளாறு சகஜம், ரத்தம் எடுத்துப் பார்த்துவிடு. ஆனால் உள்ளே போனதும் முதல் வார்த்தையாக அப்பா இறந்ததைச் சொல்.

அதற்கு முன்னால் அண்ணனிடம் சொல். இந்த ஞாயிற்றுக்கிழமையே. அம்மாவும் பக்கத்தில் இருக்கட்டும். சாமிகிட்டப் போய்விட்டார், தூங்குகிறார், நட்சத்திரமாகிவிட்டார் என்றெல்லாம் சொல்லாதே. தூங்குகிறார் என்றால் எழுப்பச் சொல்வார். போய்விட்டார் என்றால் காத்திருப்பார். "அப்பா செத்துப் போயிட்டாங்க. நெஞ்சு நின்னுபோச்சு. இனி வரமாட்டாங்க. நாங்க உன்கிட்டப் பொய் சொன்னோம், தப்பு" என்று நேராகச் சொல். நீ அழுதால் அழு, மறைக்காதே. மறுநாள் மறுபடி கேட்பார், அதையே மறுபடி சொல். பத்து தடவை கேட்டாலும் சொல். எரித்த இடத்துக்குக் கூட்டிப் போ. அப்பாவின் சட்டையைக் கையில் கொடு. ஹாலின்ஸ் இதற்காகவே 1989-இலிருந்து எழுத்தே இல்லாத படப் புத்தகங்களாகப் போட்டு வருகிறார். அப்பா இறப்பது, இறுதிச் சடங்கு நடப்பது எல்லாம் படங்களாகவே இருக்கும். நீ உன் வீட்டு ஆல்பத்தை வைத்தே செய்யலாம்.

எங்கள் மாமாவிடம் கடைசியில் சொன்னது எதிர்வீட்டுப் பாட்டி. ஏழு மாதம் ஆகியிருந்தது. திண்ணையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்கம்மா செத்துப் போச்சு ஐயா. எல்லாரும் தூக்கிட்டுப் போயி எரிச்சாச்சு. இனி வராது" என்றாள். அன்று சாயங்காலம் மாமா சத்தம் போட்டு அழுதார். மறுநாள் காலையில் அவரைக் காணோம். முடிவெட்டுகிறவர் வீட்டுக்குப் போய், முன்னால் உட்கார்ந்து தலையைக் காட்டியிருக்கிறார். அவர் தயங்கி மாமாவையும் கூட்டிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்று, "போடவா?" என்று கேட்டார். பெரிய மாமா பதில் சொல்லாமல் உள்ளே போனார். ஒரு சொம்பில் தண்ணீரோடு வெளியே வந்து, தம்பியின் தலையில் அவரே ஊற்றினார்.

சுவரில் முட்டுவது அன்றோடு நின்றுவிடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

தலைத்திவசத்துக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. அன்றைக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க அண்ணன் உட்காரட்டும், சொந்தக்காரர்கள் என்ன சொன்னாலும் சரி. அப்புறம், அந்த வண்டி எங்கே போனது என்பதையும் அவரிடம் சொல்லிவிடு. யார் வாங்கினார், எந்தத் தெருவில் நிற்கிறது என்று. வாங்கினவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, ஒருநாள் கூட்டிப்போய்க் காட்டு. தொட்டுப் பார்க்கட்டும்.

அன்புடன்,
அக்கா