15 வயதுப் பையன் மருந்தடிக்கலாமா?

கேள்வி: ஐயா, எங்களுக்குக் கொஞ்சம் முந்திரித் தோப்பும் கத்தரியும் இருக்கிறது. பத்தாவது எழுதிவிட்டு அக்கா மகன் லீவுக்கு வந்திருக்கிறான். 15 வயது, திடமான பையன். கத்தரிக்கு நானே மருந்தடிக்கிறேன், டிராக்டரில் மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டரை மாட்டி ஓட்டுகிறேன் என்று நிற்கிறான். மூக்கில் துண்டு கட்டிக்கொண்டால் போதும் என்கிறார் வீட்டுக்காரர். விடலாமா?
– ஒரு வாசகி, காடாம்புலியூர்

பதில்: இரண்டுக்குமே விடாதீர்கள் தங்கச்சி.

வேளாண்மைத் துறையில் இருந்த காலத்தில் தோட்டத்துக்குப் போனால், மருந்தடிப்பவரின் முதுகைத்தான் முதலில் பார்ப்பேன். முதுகில் மாட்டும் டேங்க் மூடியில் வாஷர் தேய்ந்திருந்தால், குனிந்து நிமிரும்போதெல்லாம் மருந்து கசிந்து சட்டை முதுகோடு ஒட்டிக்கிடக்கும். மூக்கில் மட்டும் துண்டு சுத்தமாகக் கட்டியிருக்கும்! மருந்து தோல் வழியாகவும் உள்ளே போகும். வியர்த்த உடம்பில் இன்னும் சுலபமாகப் போகும். எடை குறைந்த பிள்ளைக்கு அதே அளவு மருந்து கூடுதலாகப் பாதிக்கும்.

உங்கள் வீட்டுக்காரரே அடிக்கட்டும். அவரும் முழுக்கைச் சட்டை, கையுறை போட்டு, காலையிலேயே, காற்றுக்கு எதிராக இல்லாமல், காற்று போகும் பக்கமாக அடிக்க வேண்டும். அந்தச் சட்டையை அலச, காலி டப்பாவைக் கழுவ என்று பையனைக் கூப்பிடாதீர்கள். லேபிளில் சிவப்பு முக்கோணம் இருந்தால் கொடிய விஷம். மஞ்சள், நீலம், பச்சை என்று வீரியம் குறையும். பச்சை என்றாலும் விஷம்தான்.

யாருக்காவது வாந்தி, எச்சில் ஒழுகுதல், கொட்டும் வியர்வை, தலைசுற்றல் வந்தால் மோர் கொடுத்துப் பார்ப்பது, உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது எல்லாம் வேண்டாம். நீங்கள் கையுறை போட்டுக்கொண்டு துணியைக் கழற்றி, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவிவிட்டு, 108-ஐக் கூப்பிடுங்கள். மருந்து டப்பா கையோடு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். என்ன மருந்து என்று தெரிந்தால்தான் டாக்டருக்கு வேலை சுலபம்.

டிராக்டர் விஷயம் இன்னும் நேரடியானது. லைசென்ஸுக்கு 18 வயது ஆக வேண்டும். ரொட்டவேட்டரைச் சுழற்றும் தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்று, அதாவது ஒரு விநாடியில் 9 சுற்று. லுங்கி நுனி சிக்கினால் உதறக்கூட நேரமிருக்காது. மட்கார்டில் உட்கார்ந்து வருவதும் கூடாது. விழுந்தால் பின்னால் கத்திகள்தான். 2016-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டமும் 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களை ஆபத்தான வேலையில் வைக்கக் கூடாது என்கிறது.

அதற்காகச் சும்மா உட்கார வைக்க வேண்டியதில்லை. ஆசையாக வந்த பிள்ளை. முந்திரிக்கொட்டை பொறுக்கட்டும், கத்தரி பறிக்கட்டும் (மருந்தடித்த உடனே அந்தப் பாத்தியில் இறக்காதீர்கள்). சருகுக்குள் கைவிடும் முன் கோலால் கிளறச் சொல்லுங்கள், காலுக்கு ஷூ போடச் சொல்லுங்கள். பாம்பு கடித்தால் கட்டுப்போடாமல், கீறாமல் நேரே அரசு ஆஸ்பத்திரி. மே மாத வெயிலில் 11 மணிக்கெல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கொட்டை சுடும் இடத்துக்கு மட்டும் வேண்டாம். கொட்டையின் ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும்.