தனிக்குடித்தனம் வந்தவர்களுக்குப் புதிய ரேஷன் அட்டை: முதலில் பெயர் நீக்கம், பிறகு விண்ணப்பம்

கேள்வி: திருமணமாகி இரண்டு ஆண்டுகளாக மதுரையில் வாடகை வீட்டில் தனிக்குடித்தனம் இருக்கிறோம். கணவரின் பெயர் விருதுநகரில் மாமனார் வீட்டு ரேஷன் அட்டையிலும், என் பெயர் பிறந்த வீட்டு அட்டையிலும் உள்ளன. எட்டு மாதக் குழந்தைக்கு இன்னும் ஆதார் எடுக்கவில்லை. மின் இணைப்பு வீட்டு உரிமையாளர் பெயரில் இருக்கிறது. ஒருமுறை விண்ணப்பித்தோம், நிராகரித்துவிட்டார்கள். எங்களுக்கு அரிசி அட்டை பெறத் தகுதி இருக்கிறதா?

பதில்: தகுதி இருக்கிறது, சகோதரி. தமிழ்நாட்டில் நடப்பது அனைவருக்குமான பொது விநியோகத் திட்டம். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2016 நவம்பரில் இங்கே நடைமுறைக்கு வந்த பின்பும், முன்னுரிமைப் பட்டியலில் இல்லாத குடும்பங்களுக்கு அரிசி வழங்குவதை மாநில அரசு நிறுத்தவில்லை. எனவே வருமானச் சான்றிதழுக்காக நீங்கள் அலைய வேண்டியதில்லை. இங்கே நிரந்தரமாக வசிக்க வேண்டும், தனியாகச் சமைத்துச் சாப்பிடும் குடும்பமாக இருக்க வேண்டும், உங்களில் எவர் பெயரும் வேறு அட்டையில் இருக்கக் கூடாது. முக்கியமாகப் பார்க்கப்படுபவை இவைதாம்.

இவற்றில் கடைசியாகச் சொன்னதில்தான் உங்கள் விண்ணப்பம் நின்றிருக்கும் என்று கருதுகிறேன். குடும்ப அட்டைகள் எல்லாம் ஆதார் எண்ணோடு இணைக்கப்பட்டிருப்பதால், பழைய அட்டையில் பெயர் இருக்கும்வரை புதிய அட்டைக்கு வழியில்லை. ஆகவே இரு வீட்டாரிடமும் பேசி, அந்தந்த அட்டையில் பதிவான கைபேசி எண்ணுக்கு வரும் கடவுச்சொல்லைக் கொண்டு பொது விநியோகத் துறையின் இணையதளத்தில் பெயர் நீக்கத்துக்கு விண்ணப்பியுங்கள். காரணமாகத் திருமணத்தைக் குறிப்பிட்டுத் திருமணச் சான்றை இணையுங்கள். நீக்கம் ஏற்கப்பட்டது உறுதியான பிறகே புதிய அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் செய்துவிட்டுக் காத்திருப்பவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் மறுப்புதான் வருகிறது.

பெயர் நீக்கத்தால் பெரியவர்களின் அட்டையில் அரிசி குறையலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முன்னுரிமையற்ற அரிசி அட்டையில் வயது வந்தவர்கள் மூவரோ அதற்கு மேலோ இருந்தால் மாதம் 20 கிலோ, இருவர் மட்டும் என்றால் 16 கிலோ என்பது கணக்கு. பிறகு தெரிந்து மனவருத்தப்படுவதைவிட இப்போதே சொல்வது நல்லது.

அடுத்தது முகவரி. மின் கட்டண ரசீது உரிமையாளர் பெயரில் இருப்பதால், உங்கள் கணவர் பெயரில் வாடகை ஒப்பந்தம் ஒன்று எழுதி வாங்குங்கள். எரிவாயு இணைப்புப் புத்தகம், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், வாக்காளர் அடையாள அட்டை ஆகியவையும் இருப்பிடச் சான்றாக ஏற்கப்படுகின்றன. கதவு எண், தெருப் பெயர் என ஒவ்வோர் எழுத்தும் எல்லா ஆவணங்களிலும் ஒன்றுபோல் இருக்கட்டும். இருவரின் ஆதாரிலும் மதுரை முகவரியை மாற்றிவிடுங்கள். குழந்தைக்கும் இப்போதே ஆதார் எடுத்துவிடலாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கைரேகை பதிவதில்லை, பிறப்புச் சான்றும் பெற்றோர் ஒருவரின் ஆதாரும் போதும்.

விண்ணப்பப் படிவத்தில் அட்டை வகை கேட்கும் இடத்தில் கவனமாக இருங்கள். அரிசி அட்டை, சர்க்கரை அட்டை, பொருளில்லா அட்டை என்று பட்டியல் விரியும். சர்க்கரை அட்டை என்றால் சீக்கிரம் கிடைத்துவிடும் என்று சிலர் யோசனை சொல்வார்கள்; அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். பிறகு அரிசி அட்டையாக மாற்றுவதற்குத் தனியாக விண்ணப்பித்துக் காத்திருக்க நேரும். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் உங்கள் பெயரையும் புகைப்படத்தையும் தாருங்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டமே பதினெட்டு வயது நிறைந்த மூத்த பெண்ணைத்தான் குடும்பத் தலைவராகக் கொள்கிறது. மாதம் 35 கிலோ அரிசி தரும் அந்தியோதயா அட்டை மிக வறிய குடும்பங்களுக்கானது. அதைப் படிவத்தில் தேர்ந்தெடுக்க இயலாது, வட்ட வழங்கல் அலுவலகத்தில் தனியே மனுக் கொடுக்க வேண்டும்.

விண்ணப்பம் பதிவானதும் வரும் குறிப்பு எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் கள ஆய்வுக்கு ஆள் வருவார். நான் உடனிருந்து பார்த்த ஓர் ஆய்வில், வந்தவர் உட்காரக்கூட இல்லை. நேரே அடுக்களைக்குள் எட்டிப் பார்த்தார். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த உலையையும், மூலையில் இருந்த அரிசித் தூக்கையும் பார்த்துவிட்டு, மாடியில் இருக்கும் உரிமையாளர் குடும்பத்தோடு சேர்ந்து சமைக்கிறீர்களா என்று ஒரே கேள்வி கேட்டுக் குறித்துக்கொண்டு கிளம்பினார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஐந்து நிமிடத்தில் வீடு பூட்டியிருந்தால், ‘குடியிருக்கவில்லை’ என்று எழுதப்பட்டுவிடக்கூடும். இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால் அண்டை வீட்டாரிடம் கைபேசி எண்ணைக் கொடுத்து வையுங்கள். வட்ட வழங்கல் அலுவலகத்துக்கு நேரில் சென்று, ஆய்வுக்கு வரும் நாளைக் கேட்டறிவதில் தவறேதுமில்லை.

மீண்டும் மறுக்கப்பட்டால், என்ன காரணம் என்று எழுத்தில் கேளுங்கள். மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை நடைபெறும் பொது விநியோகத் திட்டக் குறைதீர் முகாமில் எல்லா ஆவணங்களின் மூலப்படிகளோடும் நேரில் மனுக் கொடுப்பதே என் அனுபவத்தில் பலன் தரும் வழி. 1967 என்ற கட்டணமில்லா எண்ணிலும் புகாரைப் பதியலாம். அட்டை கைக்கு வந்ததும் நீங்களும் கணவரும் கடைக்குச் சென்று கைரேகையைப் பதிந்துவிடுங்கள். அட்டையில் பதிவான கைபேசி எண்ணை மாற்றாதீர்கள், ஒவ்வொரு முறை பொருள் வாங்கும்போதும் அந்த எண்ணுக்குத்தான் குறுஞ்செய்தி வரும்.