வாசகர் கேள்வி–பதில்: எமுலேட்டரில் ஸ்பெக்ட்ரம்

கேள்வி: இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற பழைய வீட்டுக் கணினியைப் பற்றிப் படித்து ஆர்வம் கொண்டு, பழைய கணினியை இன்றைய கணினியில் அப்படியே இயக்கிக் காட்டும் மென்பொருளான ஃப்யூஸ் எமுலேட்டரை நிறுவினேன். திறந்தால் வெள்ளைத் திரையும் அதன் அடியில் ஒரு காப்புரிமை வரியும் மட்டுமே தெரிகின்றன. எதையாவது தட்டினால், தட்டிய எழுத்து வராமல் முழு ஆங்கிலச் சொல் ஒன்று வந்து நிற்கிறது. நிறுவியதில் ஏதேனும் பிழை நேர்ந்திருக்குமா?

பதில்: பிழை எதுவும் இல்லை. 1982ஆம் ஆண்டு சின்க்ளேர் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த அந்தக் கணினியை மின்சாரம் கொடுத்து இயக்கினாலும் இதே வெள்ளைத் திரைதான் வரும். இயங்குதளம் என்று தனியாக ஒன்று அதில் கிடையாது. ரோம் எனப்படும் 16 கிலோபைட் அழியா நினைவகத்தில் பொதிந்துள்ள பேசிக் நிரல்மொழியே நேரடியாக உங்கள் கட்டளைக்குக் காத்திருக்கிறது. என்டரைத் தட்டுங்கள், 'கே' என்ற எழுத்து மின்னத் தொடங்கும். கணினி இப்போது ஒரு கட்டளைச் சொல்லை எதிர்பார்க்கிறது என்பதே அதன் பொருள். இந்நிலையில் 'பி' (P) விசை பிரிண்ட் என்றும், 'ஜே' விசை லோட் என்றும், 'பி' (B) விசை பார்டர் என்றும் விழும். கட்டளை விழுந்ததும் கர்சர் 'எல்' என்று மாறிவிடும். அதன்பின் எழுத்துகள் எழுத்துகளாகவே வரும்.

ஒவ்வொரு கட்டளைச் சொல்லும் நினைவகத்தில் ஒரே ஒரு பைட்டாகப் பதிவாவதால், இந்த ஏற்பாடு இடத்தை மிச்சப்படுத்தியது. பயனர் தட்டிய எழுத்துகளைக் கூட்டிப் படித்துச் சொல்லைக் கண்டறியும் வேலையும் கணினிக்குக் குறைந்தது. முதலில் எரிச்சலூட்டினாலும் சிறிது நேரத்தில் விரல்களுக்குப் பழகிவிடும். அசல் விசைப்பலகையின் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 40 விசைகள்தாம். உங்கள் கணினியின் ஷிஃப்ட் விசை அதன் கேப்ஸ் ஷிஃப்டாகவும், கன்ட்ரோல் விசை சிம்பல் ஷிஃப்டாகவும் செயல்படும். மேற்கோள் குறிக்கு சிம்பல் ஷிஃப்டுடன் 'பி' (P). அழிப்பதற்கு கேப்ஸ் ஷிஃப்டுடன் பூஜ்யம்.

விளையாட்டுக் கோப்புகளைத் தேடுமுன் இதைச் செய்து பாருங்கள். 'கே' மின்னும்போது 'ஓ' விசையைத் தட்டினால், நினைவகத்தின் ஒரு முகவரியில் ஒரு எண்ணை எழுதும் போக் என்ற கட்டளை வரும். தொடர்ந்து 22528 என்று எழுதி, ஒரு காற்புள்ளி இட்டு, 16 என்று முடித்து என்டரைத் தட்டுங்கள். திரையின் மேல் இடது மூலையில் சின்னஞ்சிறு சதுரம் ஒன்று சிவப்பாக மாறும். எட்டுப் புள்ளி அகலமும் எட்டுப் புள்ளி உயரமும் கொண்ட அந்தச் சதுரத்தைப் போல 768 சதுரங்கள் திரையில் உள்ளன. ஒவ்வொன்றின் நிறத்துக்கும் நினைவகத்தில் ஒரு பைட். அவற்றுள் முதலாவதன் முகவரியே 22528. ஒரு சதுரத்துக்குள் எழுத்துக்கு ஒரு நிறம், பின்னணிக்கு ஒரு நிறம் என்று இரண்டு மட்டுமே இருக்க முடியும் என்பதால்தான், ஸ்பெக்ட்ரம் விளையாட்டுகளில் நாயகன் ஒரு மரத்தைக் கடக்கும்போது மரத்தின் நிறம் அவன்மேல் ஒட்டிக்கொள்கிறது. இதை எமுலேட்டரின் குறை என்று எண்ணிப் பலர் அமைப்புகளில் திருத்தம் தேடி அலைகிறார்கள். அது அந்தக் கணினியின் இயல்பு. அதை அப்படியே காட்டுவதுதான் நல்ல எமுலேட்டரின் கடமை.

கேள்வி: விளையாட்டுகள் டேப் (TAP), டிஇசட்எக்ஸ் (TZX), எஸ்என்ஏ (SNA) எனப் பலவகைக் கோப்புகளாகக் கிடைக்கின்றன. தொடங்குபவர் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

பதில்: முதல் இரண்டும் அக்காலத்தில் விளையாட்டுகள் பதிந்து வந்த ஒலிக் கேசட்டின் பிரதிகள், மூன்றாவது, ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் ஒரு கணத்தை அப்படியே உறையவைத்த ஸ்னாப்ஷாட். 48கே, அதாவது 48 கிலோபைட் நினைவகம் கொண்ட கணினியின் எஸ்என்ஏ கோப்பு எதை எடுத்துப் பார்த்தாலும் அதன் அளவு 49,179 பைட் என்றே இருக்கும்: நினைவகம் முழுவதும் 49,152, செயலியின் நிலையைக் குறித்துவைக்க 27. திறந்த உடனே விளையாட்டு தொடங்கிவிடும் என்பதால் வசதியானதுதான். ஆனால் யாரோ ஒருவர் நிறுத்திய இடத்திலிருந்து நீங்கள் தொடங்குகிறீர்கள். தொடக்கப் படமும், சில நேரங்களில் விசைகளைத் தேர்ந்தெடுக்கும் பக்கமும் போய்விடும்.

என் பரிந்துரை கேசட் கோப்புதான். டேப் வகையில் தரவு மட்டுமே இருக்கும். வழக்கமான முறையில் லோட் ஆகும் விளையாட்டுகளுக்கு அது போதும். விரைவாக ஏற்றும் சொந்த நிரலோ (லோடர்) நகல் தடுப்போ கொண்ட கேசட்டுகளுக்கு ஒலித்துடிப்புகளின் கால அளவையும் பதிந்துவைக்கும் டிஇசட்எக்ஸ் தேவை. எஃப்3 விசையால் கோப்பைத் திறந்தால் ஃப்யூஸ் தானாகவே லோட் கட்டளையைக் கொடுத்து, சில நொடிகளில் வேலையை முடித்துவிடும்.

ஒரு முறையாவது அந்த அவசரத்தை விலக்கிப் பாருங்கள் என்று மனமார வேண்டுகிறேன். மீடியா அமைப்புகளில், ஏற்றத்தை விரைவுபடுத்தும் டேப் ட்ராப், ஃபாஸ்ட்லோடிங் இரண்டையும் அணைத்துவிட்டு, லோட் கட்டளையுடன் இரண்டு மேற்கோள் குறிகளை இட்டு என்டரைத் தட்டி, டேப் ஓடவில்லை என்றால் எஃப்8 விசையால் ஓடவிடுங்கள். முதலில் திரையின் விளிம்பில் சிவப்பும் வெளிர்நீலமுமான பட்டைகள் நகரும். தரவு வரத் தொடங்கியதும் அவை நீலமும் மஞ்சளுமாகி நெருக்கமாக ஓடும். தொடக்கப் படம் மேலிருந்து கீழாக ஒழுங்காக வராது. திரையை மூன்று பாகமாகப் பிரித்து, ஒவ்வொரு பாகத்திலும் எட்டு வரிக்கு ஒரு வரி என இடைவெளி விட்டு நிரம்பும். முதலில் கோடுகள் மட்டும் நிறமின்றி வந்து சேரும். எல்லாம் முடிந்தபின், நீங்கள் போக் கட்டளையால் தொட்டுப் பார்த்த அதே 768 பைட்டுகள் வர, வரிசை வரிசையாக நிறம் ஏறும். 48கே முழுவதும் ஏற நான்கைந்து நிமிடங்கள் ஆகும்.

கேள்வி: ஸ்பெக்ட்ரத்தின் ரோமை எமுலேட்டருடன் பகிர்வது சட்டப்படி சரியா?

பதில்: சரி. 1986இல் சின்க்ளேரின் கணினித் தொழிலை வாங்கிய ஆம்ஸ்ட்ராட் நிறுவனம், ரோமின் காப்புரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, எமுலேட்டர்களுடன் அதைப் பகிர 1999இல் அனுமதி அளித்தது. இந்த அனுமதி விளையாட்டுகளுக்குப் பொருந்தாது. அவற்றின் உரிமை அவற்றை எழுதியவர்களுக்கோ வெளியிட்டவர்களுக்கோ உரியது. இன்றும் ஸ்பெக்ட்ரத்துக்காகப் புதிய விளையாட்டுகளை எழுதி இலவசமாகத் தருபவர்கள் இருக்கிறார்கள். அங்கிருந்து தொடங்கினால் எந்தச் சங்கடமும் இல்லை.

கேள்வி: நான் எழுதிய சிறிய பேசிக் நிரலை சேவ் கட்டளை கொடுத்துச் சேமித்தேன். மறுநாள் திறந்தால் அது எங்கும் இல்லை.

பதில்: உங்கள் நிரல் எமுலேட்டருக்குள் இருக்கும் கற்பனைக் கேசட்டில் பதிவானது, அந்தக் கேசட்டை உங்கள் வட்டில் கோப்பாக எழுதும் வேலை தனியானது. சேவ் முடிந்ததும் மீடியா மெனுவில் டேப் பகுதிக்குச் சென்று, அதைக் கோப்பாக எழுதும் கட்டளையைத் தேர்ந்தெடுத்து, ஒரு பெயர் கொடுங்கள். அதைச் செய்யாமல் ஃப்யூஸை மூடினால் கேசட்டும் நிரலும் சேர்ந்தே போய்விடும். எஃப்2 விசையால் ஸ்னாப்ஷாட்டும் எடுத்து வைக்கலாம். ஆயினும் பிறருக்கு அனுப்பவும் வேறு எமுலேட்டரில் திறக்கவும் டேப் கோப்பே ஏற்றது.

கேள்வி: விளையாட்டில் ஜாய்ஸ்டிக் எந்த வகை என்று கேட்கிறது. எதைச் சொல்வது?

பதில்: கெம்ப்ஸ்டன் என்று சொல்லுங்கள், மிகப் பரவலாக ஆதரிக்கப்பட்டது அதுவே. ஆனால் எமுலேட்டரின் அமைப்புகளிலும் கெம்ப்ஸ்டன் இணைப்பை இயக்கியிருக்க வேண்டும். இல்லையேல் நாயகன் அசையமாட்டான். ஜாய்ஸ்டிக் இல்லாதவர்கள் விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்து, மேலே 'கியூ', கீழே 'ஏ', இடப்பக்கம் 'ஓ', வலப்பக்கம் 'பி' (P) என்று முயலலாம். அக்காலத்து விளையாட்டுகள் பலவற்றில் இதுவே வழக்கம்.