எபோலா காலத்தில் "பிணத்தைத் தொடாதே" என்ற விதியை ஏன் மீறினார்கள்?

"எபோலாவில் இறந்தவரின் உடலைத் தொட்டால் நோய் தொற்றும், உயிருக்கே ஆபத்து என்று தெரிந்தும் ஏன் தொட்டார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அறியாமை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடக் கூடாது. 2014-ல் மேற்கு ஆப்பிரிக்காவின் கினி, சியரா லியோன், லைபீரியா கிராமங்களில் காய்ச்சல்காரருக்குத் தண்ணீர் புகட்டுவதும் வாந்தியைத் துடைப்பதும் பெரும்பாலும் பெண்கள் வேலை. இறந்தவர் பெண் என்றால் உடலைக் குளிப்பாட்டுவதும் பெண்களே. அம்மாவைக் குளிப்பாட்டாமல் அனுப்பிய மகளை ஊர் என்ன சொல்லும்? அவள் மனசுதான் கேட்குமா? குளிப்பாட்டும் அந்தக் கையை விதி நினைத்தே பார்க்கவில்லை. எனக்கு வருத்தம் தருவது இதுதான். அதனால் பலர் உடலை ஒளித்து வைத்து இரவில் புதைத்தார்கள்.

அந்த நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் அடக்கத்துக்கான புது நெறிமுறை வெளியிட்டது: குடும்பத்தார் அருகில் நின்று பிரார்த்தனை செய்யலாம், இறந்தவர் முஸ்லிம் என்றால் நீரில் குளிப்பாட்டுவதற்குப் பதில் 'தயம்மும்' (நீரில்லாமல் மண்ணால் செய்யும் அடையாளச் சுத்திகரிப்பு), உடல் மேல் வெள்ளைத் துணி. அப்புறம் எதிர்ப்பு மெல்லத் தணிந்தது.