பந்தியில் யாரை எங்கே உட்கார வைப்பது?

கேள்வி: எங்கள் மாடி வீட்டை, பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கும் பீகார்க்காரர் ஒருவரின் குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். தை மாதம் மகனுக்குக் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. அவர்களையும் அழைக்க விரும்புகிறேன். என் மாமியாரோ, "பங்காளிகள் முகம் சுளிப்பார்கள், சாப்பாட்டைத் தூக்குப்போசியில் போட்டு மாடிக்கே அனுப்பிவிடலாம்" என்கிறார். எது முறை?
– வாசகி, அவிநாசி

பதில்: உங்கள் மாமியார் கல்மனதுக்காரர் அல்லர் என்பதற்கு அந்தத் தூக்குப்போசியே சாட்சி. வீட்டில் விசேஷம் நடக்கையில் மாடியில் இருப்பவர்கள் பசியோடு இருக்கக் கூடாது என்று அவருக்குத் தோன்றுகிறது. ஆனால் பசியாற்றுவது வேறு, விருந்துக்கு அழைப்பது வேறு. கொங்குச் சீமையில் பண்ணையத்தில் பாடுபட்டவர்களுக்கும் வயிறாரச் சோறு போட்ட வீடுகள் உண்டு. போட்ட இடம் புறக்கடை, போட்டது தனி ஏனத்தில். அரசியல் சாசனத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்து, 1955இல் அதற்கெனத் தண்டனைச் சட்டமும் வந்த பிறகுகூட, நம் பக்கத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை நீடித்ததை ஊரறியும். இரண்டு குவளையிலும் ஊற்றியது ஒரே டீதான்.

ஆகவே, நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் சேர்ந்தே படியேறிப் போய், மற்றவர்களுக்கு வைப்பது போலக் குங்குமமும் பத்திரிகையும் வைத்து அழையுங்கள். அன்றைக்குக் கடைசிப் பந்திவரை அவர்களைக் காக்க வைக்காமல் உறவினர்களோடு உட்கார வைத்து, உங்கள் கொழுந்தனாரையோ தம்பியையோ பக்கத்து இலையில் அமரச் சொன்னால், எதை எதோடு பிசைந்து சாப்பிடுவது என்ற தயக்கம் அவர்களுக்கு இராது. கிடா விருந்து என்றால் கறி சாப்பிடுவார்களா என்று முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். அன்று விரதம் இருக்கும் பங்காளிகளை நாம் கேட்பதில்லையா? முகம் சுளிப்பவர்களைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். விசேஷ வீட்டுக்காரரே கைபிடித்து உட்கார வைத்த ஆளை எழுப்பும் துணிச்சல் எந்தப் பங்காளிக்கும் வராது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். தீபாவளி கழிந்த ஆறாம் நாள் பீகார்க்காரர்களுக்குச் சட் பூஜை. பெண்கள் பெரும்பாலும் ஒன்றரை நாள் பச்சைத் தண்ணீரும் பல்லில் படாமல் விரதமிருந்து, நீர்நிலையில் இறங்கி, மறையும் சூரியனுக்கும் மறுநாள் உதிக்கும் சூரியனுக்கும் அர்க்கியம் விடுவார்கள். பிரசாதமான தேக்குவா, கோதுமை மாவில் வெல்லம் சேர்த்துப் பிசைந்து பொரித்த பலகாரம். அதை அக்கம்பக்கத்துக்கும் கொடுப்பார்கள். சிரித்த முகத்தோடு வாங்கி, அலமாரியில் வைத்திருந்து, மறுநாள் வேறு யாருக்காவது தள்ளிவிடும் வீடுகளை நான் அறிவேன். கொடுக்கத் தெரிந்த நமக்கு, அவர்கள் கையால் வாங்கிச் சாப்பிடுவதில்தான் கூச்சம். வெங்காயம், பூண்டு சேராத ஆசாரத்தோடு செய்த பலகாரம் என்று மாமியாரிடம் சொல்லுங்கள். கொடுத்தவர் நிற்கும்போதே ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: வெளி மாநிலத்தார் வந்த பிறகு எங்களுக்குப் பீஸ் ரேட் சரியாக ஏறுவதில்லை. அவர்களிடம் எப்படி இணக்கமாக இருப்பது?
– பவர் டேபிள் டெய்லர், திருப்பூர்

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆனால் பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருப்பவர் ரேட்டை முடிவு செய்வதில்லை. ஒரே வேலைக்கு உள்ளூர்க்காரருக்குத் தரும் கூலியையே வெளி மாநிலத்திலிருந்து அழைத்துவரப்படும் தொழிலாளிக்கும் தர வேண்டும் என்று 1979ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. அதை மீறிக் குறைத்துக் கொடுக்கும் இடத்தில் உங்கள் கூலியும் சேர்ந்தே இறங்குகிறது. 2023 மார்ச்சில், பீகார் தொழிலாளர்கள் இங்கே தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவி அவர்களை மிரளவைத்தன. மொழி தெரியாத ஊரில் அப்படி மிரண்டவர், கூலி குறைந்தாலும் வாய் திறக்க மாட்டார். அடுத்த முறை ரேட் பேசச் சங்கத்துக்குப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.