கேள்வி – பதில்: கூத்துக் கலைஞருக்கு அரசு என்ன செய்கிறது?

கேள்வி: எங்கள் ஊர்க் கூத்து வாத்தியார் ஒருவர் அறுபது வயதைக் கடந்தும் சரியான வருமானமின்றி இருக்கிறார். அரசு உதவி கிடைக்குமா? அந்த உதவியால் கலை பிழைக்குமா?
– வாசகர், செய்யாறு

பதில்: கிடைக்கும். நலிந்த நிலையில் வாழும் மூத்த கலைஞர்களுக்குத் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் மாதம் 3,000 ரூபாய் வழங்குகிறது. இசைக்கருவியும் ஆடை அணிகலனும் வாங்க நாட்டுப்புறக் கலைஞர்களுக்குத் தலா 10,000 ரூபாய் தரும் திட்டமும் உண்டு. 2007இல் அமைந்த நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உறுப்பினராகியிருந்தால் வேறு சில உதவிகளையும் கோரலாம். படிவத்தை நிரப்ப அவருக்கு யாராவது துணை நிற்க வேண்டும். விடிய விடியக் கர்ணனின் வசனத்தைத் தடுமாறாமல் சொல்பவர், வருமானச் சான்றிதழ் என்றதும் தடுமாறிப்போவதை நானே பார்த்திருக்கிறேன்.

கலை பிழைக்குமா என்பது வேறு கேள்வி. கல்யாண முருங்கைக் கட்டையைச் செதுக்கி, கண்ணாடிச் சில்லுகளை ஒட்டிச் செய்த கிரீடத்தையும் தோளில் அணியும் புஜக்கட்டைகளையும் புதுப்பிக்க உதவித்தொகை பயன்படும். ஆனால், அவற்றை அணிந்து ஆடும் இரவுகளைத் தருவது திரௌபதியம்மன் கோயில்களின் மகாபாரத விழாக்களும், அவற்றுக்கு வரி வசூலிக்கும் ஊர்களுமே. சென்னையில் பொங்கலையொட்டி அரசு நடத்தும் கலைவிழா மேடையில், இரவு முழுவதும் நிகழ வேண்டிய கூத்தைச் சிறிது நேரத்தில் முடித்தாக வேண்டியிருக்கிறது. ஊதியம் கிடைக்கிறது, மகிழ்ச்சியே. எனினும், மாவட்டந்தோறும் முழு இரவுக் கூத்துகளுக்கு நிதி ஒதுக்குவதே இதைவிடப் பயன் தரும் என்பது என் எண்ணம்.