குளத்தைக் கழுவாதீர்கள்: வீட்டுக் குளம் பற்றிய கேள்வி பதில்

சிங்கப்பூரில் தரைவீட்டில் சிறு குளம் வைத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, பல ஆண்டுகளாக மீன் வளர்த்துவரும் அனுபவத்தில் பதில் எழுதுகிறேன்.

தீபாவளிக்கு முன் குளத்தை வடித்து, சுவரைத் தேய்த்து, வடிகட்டியைக் குழாய் நீரில் அலசினோம். ஊர் வழக்கப்படி புது நீரை ஒரு நாள் வெயிலில் விட்ட பிறகே மீன்களை இறக்கினோம். நான்கு நாளில் ஐந்து கோய் மீன்கள் இறந்துவிட்டன. என்ன தவறு செய்தோம்? (சிராங்கூன் கார்டன்ஸ்)

அக்கா, படித்ததும் மனம் கனத்தது. முதல் ஆண்டில் நானும் இதையே செய்து மீன்களை இழந்தேன். வெயிலில் வைத்தால் பறந்துவிடுவது குளோரின். சிங்கப்பூர்க் குழாய் நீரில் இருப்பதோ குளோராமின், அதாவது குளோரினும் அம்மோனியாவும் இணைந்தது. ஒரு நாள் வெயிலில் அது போய்விடாது. குளோராமினை நீக்கும் என்று புட்டியில் எழுதியிருக்கும் மருந்தைத்தான் கலக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய இழப்பு வடிகட்டியில் நேர்ந்தது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒரு வகை நுண்ணுயிர் நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவது அளவோடு இருந்தால் தொல்லையில்லை. அந்த நுண்ணுயிர்கள் குடியிருப்பது வடிகட்டிப் பஞ்சின் வழவழப்பில்தான். குழாய் நீர் பட்டதும் அவை மாண்டிருக்கும். அவை திரும்பப் பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகலாம். அதுவரை மீன்கள் தங்கள் கழிவிலேயே மூச்சுத் திணறும்.

மிச்சமுள்ள மீன்களைக் காப்பாற்ற இன்றே தீனியை நிறுத்துங்கள். அம்மோனியா சோதனைப் பெட்டி ஒன்று வாங்குங்கள். அளவு ஏறினால் நீரில் கால் பங்கை மாற்றுங்கள். புது நீருக்கு மருந்து கட்டாயம். குளம் வைத்திருக்கும் நண்பர் யாராவது பழைய பஞ்சு ஒரு துண்டு கொடுத்தால் அதை உங்கள் வடிகட்டியில் போடுங்கள். அதைவிடப் பெரிய உதவி வேறில்லை. இனி வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால் போதும். பஞ்சைக் குளத்து நீரிலேயே அலசுங்கள். சுவரில் படரும் பாசியைத் தேய்க்காதீர்கள். அது குளத்துக்கு நல்லது.

நீர் பச்சைப் பட்டாணிச் சாறு போல் இருக்கிறது. (செம்பவாங்)

வெயிலும் மிகுதியான தீனியும்தான் காரணம். இங்கே ஆண்டு முழுவதும் பன்னிரண்டு மணி நேரப் பகல் என்பதால் நீரில் மிதந்து அதைப் பச்சையாக்கும் நுண்பாசிக்கு ஓய்வே கிடையாது. நீர்ப்பரப்பில் பாதியை அல்லி இலைகள் மூடட்டும், அல்லது நிழல்வலை கட்டுங்கள். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு மட்டும் தீனி போடுங்கள். புறஊதா விளக்கு நீரைத் தெளியவைக்கும், ஆனால் காரணத்தைப் போக்காது.

விடிகாலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கின்றன. பகலில் நன்றாக இருக்கின்றன.

பிராணவாயு போதவில்லை. நம் வெப்பத்தில் நீர் பிராணவாயுவைக் குறைவாகவே பிடித்துவைக்கும். இரவில் பாசியும் செடிகளும் அதை இழுத்துக்கொள்கின்றன. நீரைச் சுழற்றிப் பிராணவாயு சேர உதவுவது பம்புதான். மின்சாரத்தை மிச்சப்படுத்த இரவில் அதை அணைக்கிறவர்கள் தயவுசெய்து அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

குளம் இருந்தால் டெங்கிக் கொசு பெருகும் என்று பக்கத்து வீட்டார் அஞ்சுகிறார்கள்.

அவர்கள் அச்சம் நியாயமானது. ஆனால் ஓடும் நீரும் பசித்த மீனும் உள்ள குளத்தில் புழு தப்பிப்பது கடினம். கோய் வேண்டாமென்றால் கப்பி மீன்களே அந்த வேலையைச் செய்துவிடும். நான் அஞ்சுவது குளத்தைச் சுற்றியுள்ளவற்றை: தொட்டித் தட்டு, மூங்கில் குழல், மூடி வைத்த தார்ப்பாயின் மடிப்பு. ஏடிஸ் கொசுவுக்குத் தேங்கிய துளி நீர் போதும். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரமே ஆகும்.

நீர்நாய்கள் வந்து ஒரே இரவில் எல்லா மீன்களையும் தின்றுவிட்டன. பொறி வைக்கலாமா?

வேண்டாம் அண்ணா. அவை சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. ஆற்றோரம் அவை திரும்பி வந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. அவை பெரும்பாலும் வடிகால் வழியாக வரும். வாயிற்கதவின் அடி இடைவெளியை அடையுங்கள், வடிகால் திறப்புக்குக் கம்பி போடுங்கள், இரவில் குளத்தை உறுதியான இரும்பு வலையால் மூடிக் கட்டுங்கள். மெல்லிய நைலான் வலையை அவை கிழித்துவிடும்.